தலைவி யார் என்று கேட்டு வந்த நோட்டீஸ்

அந்தப் பதிவுத் தபாலை நான் கையெழுத்துப் போட்டு வாங்கியது பழவேற்காட்டில், டச்சுக் கல்லறையின் வாசலில். எங்கள் ஊர் வரைக்கும் வர அலுத்துக்கொண்ட தபால்காரர், வழியில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். அந்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவைதான், அவற்றைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. மதிலின் நிழலில் நின்று உறையைப் பிரித்தேன். ‘சங்கத்தின் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது’ என்ற வரிக்கு மேல் கண் நகரவில்லை. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். திருடியவள் மாதிரி நடந்துதான் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் சங்கம் பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறி என்ற ஓலைக்கூடையில் போடுவார்கள். வாய் பறியைக் கடித்திருப்பதால் வேலை முடியும் வரை பேச்சு கிடையாது. கைக்குழந்தையைக் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்படி விட்டுப் போன நாளில்தான் என் சின்னம்மாவின் மகள் தண்ணீருக்குள் தவழ்ந்து போனாள். பத்தடி தூரத்தில் குனிந்திருந்த சின்னம்மா நிமிர்ந்து பார்த்தபோது கரை காலியாக இருந்தது. அதற்குப் பிறகு பஞ்சாயத்தாரிடம் கெஞ்சி, பூட்டிக் கிடந்த ஓர் ஓட்டுக் கட்டடத்தைப் பிள்ளைகள் காப்பகத்துக்கென வாங்கினோம். பதிவு செய்த சங்கமாக இருந்தால்தான் கட்டடம் என்றார்கள். பிளஸ் டூ படித்துவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்குப் போய் ரயிலோடு மல்லுக்கட்டிச் சலித்துத் திரும்பிய நான்தான் அந்தப் பதினொரு பேரில் எழுதத் தெரிந்தவள். ஆகவே செயலாளர்.

தலைவி யார் என்பதில்தான் வந்தது வினை. எங்கள் ஏரியில் வலைக்காரர்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டு விழுந்தவர் தம் முறைக்கு வலை இறக்குவார், முறை முடிந்ததும் அடுத்தவருக்கு விட்டுக் கொடுப்பார். யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. கையால் பிடிக்கிற எங்களுக்கு அந்தப் பாடு முறையில் பங்கில்லை. சங்கம் ஆரம்பித்த அன்று, யாரோ சொன்னார்கள்: “தண்ணில தான் நமக்குப் பாடு இல்ல, சங்கத்துலயாவது வெச்சிக்கலாம்.” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சொம்பில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு தலைவி. அதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது என்று நான் மனதார நம்பினேன். ஆண்டுதோறும் பதிவாளருக்குப் போகும் படிவத்தில் அந்தந்தச் சமயத்தில் சீட்டு விழுந்தவளின் பெயரை எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினேன்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் வேறொரு தலைவி. தேர்தல் இல்லை, தீர்மானம் இல்லை. சங்கத்தை யாரோ மாற்றி மாற்றி அபகரிக்கிறார்கள் என்றுதான் நோட்டீஸ் நினைத்தது. பதிவு போனால் கட்டடம் போகும். கட்டடம் போனால் பிள்ளைகள் மறுபடியும் கரைக்குப் போவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்ததால்தான் கை கால் ஓடவில்லை.

மாநிலம் முழுக்க இருக்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கென்று ஒரு கூட்டமைப்பு உண்டு. அதில் நாங்களும் உறுப்பினர். சேர்ந்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. சென்னையில் ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது சாப்பாடு நன்றாக இருந்தது, அதனால் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த பையில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. மூன்று நாள் பயந்து செத்த பிறகுதான் அந்த ஞாபகம் வந்தது. எடுத்தவர் எங்கள் மாவட்டத்தைக் கவனித்துக்கொள்கிற மேடம். நான் அழுதுகொண்டே படித்துக் காட்டிய நோட்டீஸை முழுக்கக் கேட்டார். “பதில் சொல்லத் தேதி இருக்கில்ல? சரி. நான் வரேன். அதுவரைக்கும் எதையும் எழுதாதீங்க, எதுலயும் கையெழுத்து வாங்காதீங்க” என்றார்.

நான் எழுதினேன். பயந்தவளிடம் சும்மா இரு என்றால் எப்படி இருப்பாள்? கடையில் புதிதாக ஒரு தீர்மானப் புத்தகம் வாங்கினேன். பிள்ளைகள் தூங்கும் மதிய வேளையில் காப்பகத் திண்ணையில் உட்கார்ந்து, நடக்காத தேர்தல்களை எல்லாம் நடத்தினேன். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று கதை கட்டுவதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பெண்கள் ஏரியிலிருந்து வந்ததும் ஈரக் கையைத் துடைத்துவிட்டு மைத் தட்டில் பெருவிரலை வைத்து, காட்டிய இடத்தில் எல்லாம் பதித்தார்கள். சின்னம்மா மட்டும் கேட்டாள்: “இன்னாடி எழுதிக்கிற?” மகள் போனதிலிருந்து அவள் பேசுவதே அபூர்வம். “சும்மா கணக்குக்கு” என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரலை வைத்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மேடம் வந்தது ஷேர் ஆட்டோவில், ஒரு கட்டைப் பையோடு. என் வயதுதான் இருக்கும். தைரியசாலியாக ஒருத்தி வருவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெயிலில் வியர்த்து, ஆட்டோவில் வாந்தி எடுத்து, வெளுத்த முகத்தோடு இறங்கினார். புதுப் புத்தகத்தைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினார். பக்கத்தை மூக்கருகே கொண்டு போனார். நான்கு வருடத் தீர்மானமும் ஒரே மையில், ஒரே அவசரத்தில் எழுதப்பட்டிருந்தது.

“இதை யாரிடமாவது காட்டினீங்களா?”

“இல்ல மேடம்.”

“நல்லவேளை. பழைய புத்தகத்தைக் கொளுத்திட்டீங்களா?”

இல்லை என்றேன். பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ‘இன்று சீட்டுப் போட்டதில் இன்னாருக்கு விழுந்தது’ என்று நான் வெகுளியாக எழுதி வைத்திருந்ததையெல்லாம் படித்தார். ஓர் இடத்தில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். “எல்லாத்துக்கும் சீட்டு. உங்க செயலாளர் பதவிக்கு மட்டும் சீட்டு போடலையா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுதத் தெரிந்தவள் நான்தானே என்று முணுமுணுத்தேன்.

பிறகு அவர் சொன்னது எனக்கு மறக்காது. “இதோ பாருங்க, எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆபீஸ் படியேறும்போது இன்னும் எனக்கு வாய் உலரும். ஆனா இந்தப் பழைய புத்தகம் உண்மை. உண்மைக்கு நாங்க வக்கீல் வெக்கலாம். அந்தப் புதுசுக்கு யாரும் வர முடியாது.” சொல்லிவிட்டுப் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். கூட்டமைப்பில் இருக்கும் இன்னொரு சிறு சங்கத்தின் செயலாளர், கோயம்புத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்துக்காரர். “எங்களுக்கும் இதே மாதிரி வந்துச்சுங்க. ரெண்டு வாரம் தூக்கமில்லீங்க. பயப்படாதீங்க, அம்மணி” என்றார் முகம் தெரியாத அந்த மனிதர். வேறெதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. நோட்டீஸ் வந்து பத்து நாளில் முதன்முதலாக அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் மேடம் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் வாந்தி எடுத்தார். கூட்டமைப்பின் வக்கீல் ஒரு புது விதியை எழுதி அனுப்பினார். பதினொரு பேரும் நிர்வாகக் குழுவில் இருப்பார்கள், தலைவி பொறுப்பு முறைவைத்து மாறும், மாறும்போதெல்லாம் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பொதுக்குழுவைக் கூட்டி அதை வாசித்தேன். நான் பொய்ப் புத்தகம் எழுதியதையும் அங்கேயே மேடம் என்னைச் சொல்ல வைத்தார். எல்லோரும் என்னை ஏசுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி மட்டும், “எங்க விரலை இன்னாத்துக்கு வாங்குறன்னு சொல்லிட்டு வாங்குடி” என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணைக்குப் பதினொரு பேரும் போனோம். மின்விசிறி சுற்றும் அறை, காகிதம் பறக்காமல் கல் வைத்த மேசை. பதிவாளர் கடுமையானவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பழைய புத்தகத்தையும் புது விதியையும் பொறுமையாகப் படித்தார். மேடம் வாய் உலர்ந்து, தண்ணீர் குடித்துக் குடித்து விளக்கினார். இதே போன்ற சிக்கல் மற்ற சிறு சங்கங்களுக்கும் வந்ததைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சட்டப்படி இதைச் சரி பண்ணிடலாம். என் கேள்வி வேற. நீங்க குழந்தைகளை வெச்சு நடத்துறீங்க. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கணும்? நாலு மாசத்துக்கு ஒரு தலைவியா இருந்தா, யாரும் பொறுப்பில்லைன்னு தானே ஆகும்?”

மேடம் காகிதங்களைப் புரட்டினார். அவர் பையிலிருந்த எந்தக் காகிதத்திலும் அதற்குப் பதில் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். இவ்வளவுதான், கட்டடம் போயிற்று என்று நினைத்தேன். அந்த முறைக்குச் சீட்டு விழுந்திருந்தவள் சின்னம்மா. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“என்னியக் கேளு சார்” என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். “எந்த மாசம் எவ தலைவியா இருந்தாலும் என்னியக் கேளு. எம் பொண்ணுதான் தண்ணில போச்சு. அன்னிக்கு யாரும் என்னியக் கேக்கல. விதின்னாங்க, வுட்டுட்டாங்க. யார்னா கேட்டிருக்கணும் சார்.”

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுப்பாளர் என்று சின்னம்மாவின் பெயரை நிரந்தரமாகச் சேர்த்து விதியைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். படியிறங்கியதும் மேடம் சுவரோரமாக உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது முடியும் வரை நாங்கள் பதினொரு பேரும் சுற்றி நின்றோம்.

பல வருடம் ஓடிவிட்டது. மேடம் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார், ஆனால் படிவம் அனுப்ப வேண்டிய மாதத்தில் அவரிடமிருந்து போன் வராமல் இருந்ததில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் துப்புரவு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களின் பிள்ளைகளும் இப்போது காப்பகத்தில் இருக்கிறார்கள். போன மாதம் சின்னம்மா வந்து, “கண்ணு சரியாத் தெரில. தூரத்துல புள்ளையா ஆடான்னு புரில. எம் பேரை எடுத்துட்டு வேற பேரைப் போடு” என்றாள். கூட்டம் போட்டோம். தலைவிக்குச் சீட்டுப் போட எல்லோரும் முண்டியடித்தார்கள். பொறுப்பாளருக்குச் சீட்டுப் போடலாமா என்று கேட்டபோது ஒருத்தரும் சொம்புப் பக்கம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். “பயமா இருக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “சரி” என்று மட்டும் சொன்னார்.

படிவத்தை எடுத்து, சின்னம்மாவின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுந்து உள்ளே போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தலைகளை எண்ணினேன். பதினேழு இருந்தது. கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் எண்ணினேன்.