உளவு பார்க்கப் போய் ஊர் பேரைச் சொன்னவன்

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏமாற்றுவது என் தொழில். போலீஸ் பிடிக்காது. ஏமாறுகிறவர்களின் முதலாளியே என்னைக் கூப்பிட்டு ஏமாற்றச் சொல்கிறார். கம்பெனி கம்ப்யூட்டருக்குள் திருடன் எந்த வழியாக நுழைவான் என்பதை நானே நுழைந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சைபர் பாதுகாப்புச் சோதனையாளர் என்று பெரிய பெயர் வேறு. சின்ன வயதில் உளவாளிகளின் வரலாறு, மறை எழுத்துப் புதிர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக் கெட்டுப்போனதன் பலன் இது. பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் தலையைச் சொறியும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

சென்னையை விட்டு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தஞ்சாவூரில் ஒரு விதைநெல் கம்பெனி. முந்தைய வருஷம் யாரோ ஒருவன் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். விதைப்பு நேரத்தில் பத்து நாள் கடை நடத்த முடியவில்லை. அந்தக் கோபம் முதலாளிக்கு இன்னும் ஆறவில்லை. "என் ஆளுங்களை மாறி மாறி ஏமாத்திப் பாருங்க. மூணு தடவை ஏமாறுறவங்க கம்ப்யூட்டர் சீட்டை விட்டு எந்திரிச்சு குடோனுக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். ஏமாந்தவர்கள் பெயரை எழுதிக்கொடுக்கிற பாவம் என் தலையில்.

ஏ.சி. மெக்கானிக்

ஆனி மாதம். முதல் சோதனைக்கு நானே நேரில் போனேன். முதலாளியைத் தவிர அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது. நீலச் சட்டை, கையில் ஸ்பேனர் பை. உள்ளே போய் சர்வர் பெட்டியின் மேல் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டு வெளியே வந்தால் எனக்கு வெற்றி. முன் மேஜையில் பிலோமினா அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

பொய்ப் பெயர், பொய்க் கம்பெனி எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஊரை மட்டும் மறந்துபோனேன். வாய் தானாக "சீர்காழிங்க" என்றது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சீர்காழியில் எந்தத் தெரு, சர்ச்சுக்குப் போகிறவரா, எந்தச் சபை, லுத்தரனா, அம்மாவுக்கு எந்த ஊர், பூம்புகாரா, அப்படியானால் மீன் இல்லாமல் சோறு இறங்காதே, என்ன மீன் பிடிக்கும், கொடுவாவா, கல்யாணம் ஆயிற்றா, இல்லையா, வீட்டில் துணைக்கு யார், நாயா, நாய்க்கு என்ன பெயர், பிஸ்கோத்தா! கால் மணி நேரத்தில் நான் பிறந்த வருஷம் வரைக்கும் சொல்லியிருந்தேன். நான் அவரிடம் தெரிந்துகொண்டது, அங்கே மோர் நன்றாக இருக்கும் என்பது ஒன்றைத்தான். பொட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. மோர் எடுக்க உள்ளே போய் வந்தவர், நான் டம்ளரைக் கீழே வைத்ததும் சொன்னார்:

"ஏ.சி. கம்பெனிக்கு போன் போட்டுட்டேன் தம்பி, அவங்க யாரையும் அனுப்பலையாம். மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, இல்ல யாருன்னு சொல்லிட்டுக் குடிக்கிறீங்களா?"

தண்ணீர் வருகிறது

நேரில் வந்தவனை உரித்துப் போட்ட அதே அக்கா, போன் திரையில் வந்தவனிடம் சுருண்டுவிட்டார். ஆடி மாதம் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். 'உங்கள் பகுதி வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி மாற்றம். பட்டியலுக்கு இங்கே தொடவும்.' தொட்டால் தொட்டவர் பெயர் என் பட்டியலில் ஏறிவிடும். வேறு ஒரு கெடுதலும் இல்லை.

கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று ஊரே வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். விதைநெல் விற்கிற கடையில் அதைத் தொடாமல் யார் இருப்பார்கள்? மதியத்துக்குள் முக்கால்வாசிப் பேர் மாட்டியிருந்தார்கள். பிலோமினா அக்கா இரண்டு தடவை தொட்டிருந்தார்; ஒரே சோதனை என்பதால் கணக்கில் ஒன்று. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் நான் வகுப்பு எடுக்க வேண்டும். அதில் கூப்பிட்டு விளக்கினால் அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை.

"தண்ணி எப்ப வருதுன்னு சொன்னா, பேய் அனுப்பியிருந்தாலும் திறந்து பாப்போம் தம்பி."

கல்யாணப் பத்திரிகை

ஆவணியில் முகூர்த்த நாட்கள் வரிசை கட்டி நின்றன. தெரியாத நம்பரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பினேன். மணமகன் திருவிடைமருதூர், மணமகள் சீர்காழி. இரண்டு பேரும் என் கற்பனை. போன தடவை தப்பித்த கெட்டிக்காரர்கள்கூட இதில் விழுந்தார்கள். குடோன் மேனேஜர், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பதில் போட்டார். பிலோமினா அக்கா, மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று திருவிடைமருதூர் கிளைக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். விசாரித்ததெல்லாம் சரி, திறந்த பிறகு விசாரித்தார். இரண்டாவது தடவை.

அன்று என் எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். அம்மாவும் அப்பாவும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவரும் பகலில் நாற்று நட்டுவிட்டு, சேறு காயாத காலோடு சாயங்காலம் டைப் வகுப்புக்கு நடந்தவர். அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் இவர்தான். குடோனில் மூட்டை எண்ணுவது கேவலம் இல்லை, ஆனால் அந்த நாற்காலியிலிருந்து தன்னை எழுப்பினால் தாங்கமாட்டேன் என்றார். எனக்கு மனசே சரியில்லாமல் போயிற்று. இருந்தும் பாடம் நடத்துகிறவன் வாய் சும்மா இருக்குமா, முகம் தெரியாதவர்கள் அனுப்புவதை எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியலன்னு பத்திரிகையைப் பிரிக்காம வெச்சா, நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு யாரு தம்பி வருவா?"

முதலாளியின் புது நம்பர்

புரட்டாசி வந்தது. கடைசிச் சோதனை. வேண்டுமென்றே சொத்தையாக ஒன்றை அனுப்பி அவரைத் தப்பவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்படிச் செய்தால் நிஜத் திருடன் வரும்போது அவருக்குத்தான் ஆபத்து. அதனால் வகுப்பில் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னேன். "ஏ.சி. மெக்கானிக்கை என்ன கேட்டீங்களோ, அதையே போன்ல வர்றவனையும் கேளுங்கக்கா." அதற்கு மேல் சலுகை கிடையாது.

ஒரு மதியம், முதலாளியின் படத்தைப் போட்டுப் புது நம்பரிலிருந்து அவருக்கு அனுப்பினேன். 'பிலோமினா, இது என் புது நம்பர். சீர்காழியில் மீட்டிங்கில் இருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை உடனே அனுப்பு.' உடனே பதில் வந்தது. 'சரிங்கய்யா.' அனுப்பாதீங்கக்கா என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த வரி வந்தது. 'சாப்டீங்களாய்யா?' ஆயிற்று என்றேன். 'எங்கய்யா?' ஓட்டலில் என்றேன். 'என்ன சாப்டீங்கய்யா?'

மணி இரண்டு. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசியில் விரல் தானாக அடித்தது: 'கொடுவா மீன் குழம்பு. அருமை. பாஸ்வேர்டு அனுப்பு.' அதன்பிறகு பதிலே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து என் சொந்த நம்பருக்குப் போன் வந்தது.

"தம்பி, ஐயா புரட்டாசியில மீனு பேரைக்கூட வாயால சொல்லமாட்டாரு. கொடுவான்னதுமே சீர்காழித் தம்பின்னு தெரிஞ்சுபோச்சு, முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

ரிப்போர்ட்

மறுநாள் முதலாளி அறையில், அக்காவையும் வைத்துக்கொண்டு, முடிவைக் காட்டினேன். பிலோமினா அக்கா பெயருக்கு நேரே இரண்டுதான் இருந்தது. நாற்காலி தப்பித்தது. அதோடு, சந்தேகமான செய்தி எது வந்தாலும் எல்லாக் கிளைகளும் முதலில் அக்காவைத்தான் கேட்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரிப்போர்ட்டைத் திறக்க நான் பாஸ்வேர்டு அடித்தபோது மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர்தான் அவர். இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"நாய் பேரும் பொறந்த வருஷமும்தானே தம்பி? இன்னிக்கே மாத்திடுங்க."

உளவாளிகளின் வரலாற்றையெல்லாம் கரைத்துக் குடித்த நான் இப்போது ஊர் ஊராகப் போய் நடத்தும் பாடம் இவ்வளவுதான்: யார் வந்தாலும் எந்த ஊர் என்று கேளுங்கள், யார் கேட்டாலும் நாயின் பெயரைச் சொல்லாதீர்கள்.