காலடியில் கிடந்த மானிட்டர்

மானிட்டரைத் தரையில் வைக்கலாம் என்று யோசனை சொன்னது என் ஜோடி. கிரேன் ஓட்டுபவர்களிடம் ஜோடி என்றால் ஒரே கிரேனில் முறை மாற்றி ஏறும் இன்னொரு ஆள். எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் நானும் அவனும் பல வருடங்கள் அப்படி ஏறி இறங்கியிருக்கிறோம். அவனுக்கு வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால். எனக்கு விம்கோ நகர். இருவருக்கும் முட்டி தேய்ந்தது ஏறக்குறைய ஒரே சமயத்தில். ஏணியில் ஏறி கேபினுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் பேசுகிற பேச்சை யாராவது பதிவு செய்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

அப்போதுதான் இனி கிரேனில் ஆள் ஏற வேண்டாம், கேமரா வைத்துக் கீழே ஒரு அறையில் திரையைப் பார்த்தே ஓட்டலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. தேறாதவர்களும், தேர்வே வேண்டாம் என்பவர்களும் கேட்டில் நின்று லாரியில் வரும் பெட்டிகளின் பூட்டில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கவலை வேறு. இருபது அடிப் பெட்டியைப் பூப்போல வைத்த கைக்கு இனி அந்த வேலை வராது என்று ஊரறியச் சொல்வதுதான் கேட் வேலை. அப்படித்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வீட்டில் பழகிக்கொள்ள ஒரு மென்பொருளும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் கொடுத்தார்கள். என் மனைவி வீட்டிலிருந்தபடி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள். அவளிடம் நல்ல கம்ப்யூட்டரும், 4கே மானிட்டர் ஒன்றும் உண்டு. அதை நான் துடைப்பதுகூட அவளுக்குப் பிடிக்காது. சாயங்காலங்களில் மட்டும் எங்களுக்கு அனுமதி கிடைத்தது.

முதல் நாள் மேசையில் வைத்தே ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. கேபினில் எங்கள் காலடியில் கண்ணாடி இருக்கும். அதன் வழியாகக் குனிந்து பார்த்துத்தான் எங்களுக்குப் பழக்கம். நிமிர்ந்து நிற்கிற திரையில் கீழே இருக்க வேண்டியது எதிரே இருந்தது. கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் முழித்தது. உடனே அவன் மானிட்டரைத் தூக்கித் தரையில் தலையணை போட்டுப் படுக்க வைத்தான். நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்து குனிந்தால் அப்படியே எங்கள் கேபின். கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த என் மனைவி, இரண்டு பேரும் கிணற்றுக்குள் சாவியைத் தேடுவது போல இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆனால் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இணைக்கும் அவளுடைய கேபிள் தரை வரைக்கும் எட்டாததால் திரை அன்று இருட்டாகவே கிடந்தது. மறுநாள் அவன் தன் வீட்டு டிவிக்குப் பின்னால் கிடந்த நீளமான கேபிளைக் கழற்றி எடுத்துவந்தான். பழசுதான், ஆனாலும் உழைக்கும் என்றான். மாட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. பெட்டியின் மேலிருந்த துருகூடத் தெரிந்தது.

துரு தெரிந்ததே தவிர, பெட்டி எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கயிற்றில் தொங்குகிற பெட்டி ஆடும். அது ஆடிப் போகும் பக்கமே சரியான நொடியில் கிரேனைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆட்டம் செத்துவிடும். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. திரையிலோ, பெட்டி இங்கே இருக்கிறது என்று நான் பார்க்கும்போது அது தாண்டிப் போயிருந்தது. நான் துரத்த, அது இன்னும் ஆட, கடைசியில் பக்கத்துப் பெட்டியில் போய் இடித்தது. நாளுக்கு நாள் மோசமாயிற்றே ஒழிய ஒரு முன்னேற்றமும் இல்லை.

என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் இடித்தது. யார்டிலேயே மெத்தென்ற கை அவனுடையது. அவன் பெட்டியை இறக்கியது தெரியாமல் லாரி டிரைவர்கள் காத்துக்கொண்டே நிற்பார்கள், நாங்கள் ஹாரன் அடித்துக் கிளப்ப வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கை பூட்ச்சு மாமு. கண்ணு பாக்குது, கை போவ மாட்டேங்குது."

வயதாகிவிட்டால் எல்லோருக்கும் இப்படித்தான், பழகினால் சரியாகும் என்று கத்தினேன். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாளே தேர்வு வேண்டாம், கேட் வேலை போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். ஆத்திரம் என்று வெளியில் சொன்னாலும் உள்ளே இருந்தது பயம். சாப்பிடும்போது சோற்றில் கையை வைத்துக்கொண்டு, விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

தேர்வுக்குச் சில நாள் இருந்தபோது ஒரு மத்தியானம் என் மனைவிக்கு ஒரு முகூர்த்த வீடியோவில் நிறம் பார்க்க வேண்டியிருந்தது. மானிட்டரைத் தூக்கச் சோம்பல்பட்டு அவளும் தரையிலேயே உட்கார்ந்தாள். மவுஸை நகர்த்தியவள் நிறுத்திவிட்டு, மறுபடி நகர்த்தினாள். என்னைக் கூப்பிட்டு, அந்த அம்புக்குறியை மட்டும் பார்க்கச் சொன்னாள். அது வழுக்கிக்கொண்டு போகவில்லை, தத்தித் தத்திப் போயிற்று. செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். முப்பது ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு முப்பது படம் என்று இருந்தது.

"இன்னாயா கேபிள் இது? எங்கருந்து புட்ச்சிகினு வந்த?"

பிறகு அவள் பொறுமையாகச் சொன்னாள். கல்யாண வீடுகளில் பேசிப் பேசி அவளுக்குப் பொறுமை கொஞ்சம் அதிகம். திரையில் தெரிவது புள்ளிகள். 4கே என்றால் சாதாரணத் திரையைவிட நான்கு மடங்கு புள்ளிகள், அதனால் ஒவ்வொரு படமும் அத்தனை கனம். அந்தப் படங்களை வரைவது கிராபிக்ஸ் கார்டு, மானிட்டருக்குக் கொண்டுபோவது கேபிள். பழைய கேபிளால் இவ்வளவு கனமான படத்தை வினாடிக்கு முப்பதுக்கு மேல் கொண்டுபோக முடியாது. கல்யாண வீடியோவுக்கு அதுவே தாராளம், அதனால் யாருக்கும் குறை தெரிந்திருக்காது. ஆடுகிற பெட்டியைப் பிடிப்பவனுக்கு அது பத்தாது. நீ பார்த்தது எல்லாம் கொஞ்சம் பழைய படம் என்றாள்.

மானிட்டரை மேசைக்கு ஏற்றித் தன் குட்டைக் கேபிளையே மாட்டினாள். அறுபது ஹெர்ட்ஸ் வந்தது. அப்படியும் மென்பொருளை ஓட்டும்போது படம் அங்கங்கே திக்கியது. கார்டு பாவம், இவ்வளவு புள்ளிகளை அவசரமாக வரைய அதால் முடியவில்லை என்று சொல்லி ரெசல்யூஷனைக் குறைத்தாள். துரு மறைந்தது. பெட்டியின் எழுத்துகள் லேசாக மங்கின. எனக்கு அது பிடிக்கவில்லை, தெளிவாக இருந்ததைக் கெடுத்துவிட்டாயே என்றேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றாள்.

ஓட்டினேன். நிமிர்ந்த திரைக்குக் கழுத்து பழகவில்லை, முதலில் இரண்டு தரம் பக்கம் மாற்றித் தள்ளினேன். மூன்றாவது தரம் பெட்டி ஆடிப் போனது, என் கை அதன் பின்னாலேயே போனது, ஆட்டம் அடங்கியது. பெட்டியைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்க்காதது போல முகூர்த்த வீடியோவின் ஹார்ட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சந்தோஷம் அடங்கிய பிறகுதான் ஜோடியின் நினைப்பு வந்தது. காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் கேட்டுக்குப் போனேன். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தான். அவனோடு பேசாமல் இருந்த நான் திடீரென்று வந்து நின்றதால் முதலில் என்னை முறைத்தான். கேபிள், முப்பது, அறுபது எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொன்னேன். அடுத்த பேட்சுக்குப் பேர் கொடுக்கலாம், நானே ஆபீஸில் பேசுகிறேன் என்றேன். அதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கை நல்லாத்தான் கீதா?"

"நல்லாத்தான் கீது."

பிறகு சொன்னான். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவன் பைக்கைத் தொடவில்லையாம். கை சரியில்லாதவன் பின்னால் பொண்டாட்டியை உட்கார வைத்து மீன்பிடி துறைமுகம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போவதா என்று பயமாம். அந்த அம்மாவும் ஒன்றும் கேட்காமல் ஷேர் ஆட்டோவிலேயே போய்வந்துகொண்டிருந்ததாம். சொல்லிவிட்டுப் போனை எடுத்து அவன் வீட்டு நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினான்.

"நான் சொன்னா தேத்தறேன்னு நெனைக்கும். நீ சொல்லு மாமு."

சொன்னேன். தங்கச்சி, அவன் கையில் ஒரு கோளாறும் கிடையாது, கேபிளில்தான் கோளாறு என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து மாதாவே என்று ஒரு சொல் கேட்டது, அப்புறம் அழுகை. போனை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்காமல், கேட்டில் வந்து நின்ற லாரியின் சீலைப் பார்க்க முதுகைத் திருப்பிக்கொண்டு போனான்.