அப்பாவுக்காக நான் பேசிய இங்கிலீஷ்

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுவருடம் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊரான பா டவுனில் அப்பா வேலை பார்த்த கராஜின் முதலாளி ஒரே வாரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார். பதினேழு வருடம் அவருக்காக லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவர் அப்பா. இவர் என்னிடம் வேலை செய்தார் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க முதலாளிக்கு நேரமிருக்கவில்லை.

அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். கரும்பு வயலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மூத்தவரை நிறுத்திவிட்டு, இளையவரைப் படிக்கப் போட்டார்கள். பிறகு கராஜ் சம்பளத்தில் அந்தத் தம்பிக்கு ஃபீஸ் கட்டியதும் அப்பாதான். சித்தப்பா தலைநகர் சுவாவில் அரசாங்க குமாஸ்தா ஆனார். பக்கத்திலேயே நகாசியில் வீடு கட்டினார். இப்போது குடும்பத்தோடு வெளிநாடு போக விசாவும் வாங்கியிருந்தார். நன்றி கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அண்ணனுக்கும் அவரேதான் விண்ணப்பம் நிரப்பினார். அந்த நாட்டில் மெக்கானிக்குகளுக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் முறையாகத் தொழில் பழகியதற்குக் காகிதம் கேட்டார்கள்.

அந்தக் காகிதத்தை சித்தப்பா தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டைப் அடித்தார். முதலாளியின் பெயரில், ஐந்து வருடப் பயிற்சி என்று. கையெழுத்தையும் அவரே போட்டார். கீழே பார்க்காமலே அவர் விரல்கள் ஓடிய அழகை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்காணலுக்கு அவர் வரவில்லை. தன் விசாவுக்கு ஏதும் வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

"பாப்பாதான் நல்லா இங்கிலீஷ் பேசுதே, அத்த இட்டுகினு போண்ணா" என்றார்.

சுவாவில் அந்த நாட்டின் விசா அலுவலகத்தில், எங்களுக்கும் தெரிந்த இந்தியில் மொழிபெயர்க்கும் ஆள் அன்று லீவு. அதிகாரி இளகிய முகமுள்ள வெள்ளைக்காரர். அப்பா வேலை கற்றது எப்படி என்று கேட்டார். அப்பா சொல்லச் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் கடிதத்தை எடுத்துப் பார்த்து, "உங்கள் முதலாளி நன்றாக எழுதியிருக்கிறார்" என்றார். இதற்கு அப்பாவைக் கேட்பானேன்? நானே பதில் சொன்னேன். அது முதலாளி எழுதியதில்லை, எங்கள் சித்தப்பா அடித்தது, அவர் பார்க்காமலே அடிப்பார் என்றேன்.

அதிகாரி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் அப்பாவின் கைகளையே பார்த்தார். பிறகு என் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது என்றார்.

சுவா பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பஸ் கிளம்பியதும் கேட்டார்.

"கடைசில இன்னா சொன்னாரு?"

"என் இங்கிலீஷ் நல்லா இருக்காம்."

"அதுக்கு முன்னால?"

எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அப்பா முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் நெருங்கி, லவுடோகா தாண்டியதும் சொன்னார்.

"இத்த அம்மாகிட்ட சொல்லாத. சித்தப்பாகிட்டயும் சொல்லாத."

ஐஸ்கிரீம் செலவை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பா விமானம் ஏறப் பத்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் வந்தது. அந்த நாட்களில் அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்தவர் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று படிக்கச் சொன்னார். படித்தேன். பாதிச் சொற்களுக்கு எனக்கும் பொருள் தெரியாது. வரவேண்டாம் என்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது, அதைச் சொன்னேன். எவன் கண்ணு பட்டுதோ என்று அம்மா அழுதாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணல. என் படிப்பு பத்தல" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "இங்கிலீஷ்லயே இன்னொரு தரம் படி, மெதுவா" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த பாஷையில் அவருக்குத் தெரிந்தவை ஸ்பேர் பார்ட்ஸ் பெயர்களும், தம்பியின் பெயரும்தான். அந்தப் பெயர் எங்காவது வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை. அவர் தோள் மெல்லத் தணிந்ததை நான் பார்த்தேன். என் வாசிப்பில் மயங்கிப்போனார் என்று நினைத்து, அவர் கேட்காமலே மூன்றாம் முறையும் படித்தேன்.