தகுதிச் சரிபார்ப்புக்கு ஒரு தாலி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சிரம்பானில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு பெண் தன் தாலியைத் தானே கழற்றினார். நான் பக்கத்து இருக்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. நாலு பொம்பளைங்க படிக்கட்டும்," என்றார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஆகவே இந்தப் பத்தியில் அவர் தவமணி அக்கா.

லிங்கிக்கு அருகில் உள்ள செம்பனைத் தோட்டக் குடியிருப்பில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. பள்ளி கேண்டீனில் சமைக்கிறார். அவர் கணவர் குணசேகரன் – எங்களுக்குக் குணா அண்ணன் – அரசாங்கத்தின் நில அளவைப் பிரிவில் உதவியாளர். பல ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தமாகச் சரவாக் போனார். உட்பகுதிக்குச் செல்லும் சிறிய விமானம் அது. கரையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தபோது கடலில் விழுந்தது. அதில் இருந்தவர்களில் சிலருடைய உடல்கள் கிடைத்தன. அண்ணனுடைய உடல் கிடைக்கவில்லை.

அரசாங்கம் தன் கடமையைச் செய்தது. விசாரணை நடந்தது. மரணச் சான்றிதழ் வந்தது. தாமதமாகத்தான் என்றாலும் பென்ஷனும் வந்தது. மகள் யாழினி அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தாள். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளுடைய கட்டணம், விடுதி, பஸ் – எல்லாம் அந்தப் பென்ஷன்தான். கேண்டீன் சம்பளம் வீட்டு அரிசிக்கே சரியாக இருக்கும்.

எல்லாம் வந்தன. உடல் வைத்த பெட்டி மட்டும் வரவில்லை.

பெட்டி வராத வீட்டில் தாலியை எப்போது கழற்றுவது? எங்கள் வழக்கத்தில் இதற்கு விடையில்லை. உடலைக் கூடத்தில் கிடத்தி, மூத்த பெண்கள் சூழ்ந்து நின்று செய்கிற காரியம் அது. கோயில் பூசாரி ஒரு வழி சொன்னார்: தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதன் முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

"புல்லு முன்னாடி கழட்டுறதுக்கு, நான் என்ன புல்லையா கட்டிக்கிட்டேன்?" என்று கேட்டார் தவமணி அக்கா. பூசாரி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் ஏதோ கனவில் வாழ்ந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை என்னிடமே சொன்னார்: "செத்துட்டாருன்னு தெரியும்லா. கவர்மெண்டு காகிதத்துல கையெழுத்துப் போட்டவளே நான்தான். எனக்கென்ன பைத்தியமா? ஆனா அவரு கட்டுனது... அவரு முன்னாலதான் கழட்டணும். எலும்பா வந்தாலும் சரி."

அவர் வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று வாரங்களுக்கு முன் கடிதம் வந்தது. மலாய் மொழியில் ஒரே பக்கம். அக்கா நன்றாகவே மலாய் படிப்பார். ஆனாலும், "நீ லிட்டரேச்சர் படிக்கிற பிள்ள, ஒரு எழுத்து விடாம சொல்லு," என்று என்னிடம் கொண்டுவந்தார். ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். தொடர்ந்து பென்ஷன் பெறும் தகுதியைச் சரிபார்க்க நேரில் வரவும். அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ், கணவரின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றை உடன் கொண்டுவரவும்.

"தகுதின்னா?" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "தெரியவில்லை அக்கா" என்பதும் ஒரு துல்லியமான விடைதானே? ஆனால் நான், "நீங்கள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதை உறுதிப்படுத்தத்தான் இருக்கும்," என்றேன்.

கடிதத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது எனக்கு அந்த விளக்கம்?

பென்ஷன் வாங்கும் விதவை மறுபடி கல்யாணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும் – இது எங்கள் தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. மழை வருவதற்கு முன் துணியை எடுக்க வேண்டும் என்பதைப்போலத் தெரியும். கோலா பிலாவில் ஒரு பெண் இதற்குப் பயந்தே தன் இரண்டாவது கணவரை இத்தனை காலமாக "வாடகைக்கு இருக்கிறவர்" என்று ஊருக்குச் சொல்லி வருகிறாராம். கேட்டுச் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே அக்காவின் கொழுந்தன் வந்துவிட்டார். பாலன் அண்ணன், லோரி ஓட்டுபவர். நல்ல மனிதர், ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது.

"அண்ணி, கழுத்துல தாலியோட போயி நான் விதவைன்னு சொன்னா, கவுண்டர்ல இருக்கிறவ என்ன நெனைப்பா? புதுசா எவனோ கட்டுனதுன்னுதான் நெனைப்பா!"

"மலாய்க்காரிக்குத் தாலி தெரியுமாக்கும்?"

"அங்க நம்மாளு ஒருத்தி இருந்தா? அவ சொல்லமாட்டாளா?"

"ஏன், இது உங்கண்ணன் கட்டுனதுன்னு நான் சொல்லமாட்டேனா?"

"எப்படிச் சொல்லுவீங்க? பேரு போட்டிருக்கா அதுல?"

"லோரியில போட்டிருக்க மாதிரி தாலியிலயும் ஓனர் பேரு போடுவாங்களா, பாலா?"

பாலன் அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு மட்டும் இதுல ஆசையா, அண்ணி? பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. பென்ஷன நிறுத்திட்டான்னா நான் எங்க போவேன், நீங்க எங்க போவீங்க?"

"சரி பாலா, கழட்டிட்டே போறேன்," என்றார் அக்கா. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு போகலாமே என்று நான் யோசனை சொன்னேன். "மறைச்சா திருட்டு நகை மாதிரி ஆயிரும்," என்றார். வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கு விடுமுறை. லிங்கியிலிருந்து சிரம்பான்வரை அவர் அதிகம் பேசவில்லை. தாலி கழுத்தில்தான் இருந்தது. முடிவை மாற்றிக்கொண்டார் என்று நினைத்து, உள்ளுக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரை நிறுத்தினேன். கதவைத் திறக்கப் போனவளை, "கொஞ்சம் இரு," என்றார்.

கொடியின் கொக்கி இறுகியிருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் திறக்காத கொக்கி. பின்னங்கழுத்தில் இரண்டு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், நான் கை நீட்டுவதற்குள் தானே விலகிக்கொண்டார். "வேணாம் வேணாம். கல்யாணம் ஆகாத பிள்ள நீ, தொடக்கூடாது. அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பிக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் கம்பத்தோடு சேர்த்துச் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் நகம் உலோகத்தில் உரசும் சத்தம். பிறகு அக்காவின் குரல், மிகத் தாழ்வாக. என்னிடம் பேசவில்லை.

"இங்கதாங்க எடம் கெடச்சுது."

கொடியைச் சுருட்டி, திருமணப் பதிவுச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். தண்ணீர்ப் போத்தலில் டிஷ்யூவை நனைத்துப் பொட்டைத் துடைத்தார். கார்க் கண்ணாடியில் முகத்தைப் பார்க்கவில்லை. "வா, போயி நம்பர் எடுக்கணும்," என்று இறங்கிவிட்டார்.

கவுண்டரில் இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த மலாய்ப் பெண். இனிமையானவர். அக்காவை "காக்" என்றுதான் அழைத்தார் – நம் 'அக்கா'வேதான். அடையாள அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார். ஏதோ தட்டினார்.

"சரி காக், முடிந்துவிட்டது."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சான்றிதழ்களைக் கேட்கவே இல்லை. பிளாஸ்டிக் உறை அக்காவின் மடியிலேயே இருந்தது.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. மலாயில் கேட்டேன்: "இவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எதிலாவது கையெழுத்துப் போட வேண்டாமா?"

"எதற்கு?" என்றார். "மறுமணம் செய்துகொண்டாலும் இவருக்குப் பென்ஷன் நிற்காது. அந்த விதி மாறி எத்தனையோ வருடமாயிற்றே."

"பிறகு... தகுதி என்றது?"

"உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. சில இடங்களில் ஆள் இறந்த பிறகும் பணம் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் பட்டியலில் இருக்கிற எல்லோரையும் வரச் சொல்கிறோம்." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "காக், படத்தில் நெற்றியில் வைத்திருக்கிறீர்களே, இன்றைக்கு ஏன் இல்லை? அதனால்தான் முதலில் எனக்கு வேறு ஆள் மாதிரித் தெரிந்தது."

அக்காவும் சிரித்தார். நன்றி சொன்னார். எழுந்தார்.

விதிகளை நாம் வாசிப்பதில்லை, வாசகர்களே. வாய்வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்கிறோம். அரசாங்கத்தின் தலைமையிடமான புத்ராஜெயாவில் ஒரு கையெழுத்தில் விதி மாறிவிடுகிறது. அது கிளப்பிவிட்ட பயம் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நாம் கொடுத்தவற்றை எந்தக் கவுண்டரில் திருப்பிக் கேட்பது?

காருக்குள் வந்ததும் நான்தான் அவசரப்பட்டேன். "அக்கா, போட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கவில்லை. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

அவர் பிளாஸ்டிக் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவரு கட்டுனா தாலி. நானே எடுத்து மாட்டுனா அது நகைடி."

"அக்கா, என்னால்தான்..."

"மன்னிப்பு கின்னிப்பு கேட்டீன்னா இங்கயே எறங்கி பஸ்ஸுல போயிருவேன். ஓட்டு."

ஓட்டினேன். ரந்தாவ் தாண்டும்வரை அவர் கை கழுத்துக்குப் போவதும், ஒன்றும் அகப்படாமல் இறங்குவதுமாக இருந்தது. சமையல் வேலையில் குனியும்போதெல்லாம் கொடியை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வார். அந்தப் பழக்கம் போலும்.

மதியம் வீட்டு வாசலில் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் போதாதா? நாலு மணிக்குள் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிட்டார்கள். வாசலிலேயே அழுதுகொண்டு நுழைந்தார்கள். அவரைக் கட்டிக்கொண்டார்கள். குணா அண்ணனின் பெயரைச் சொல்லி, அவர் நடந்த நடையைச் சொல்லி, சிரித்த சிரிப்பைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள்.

விமானம் விழுந்த காலத்தில் இவர்களில் யாரும் இப்படி வந்து அழவில்லை. தாலியோடு நிற்கிறவரைக் கட்டிக்கொண்டு எப்படி அழுவது என்று தெரியாமல், வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள். சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது.

யாரோ சமூக மண்டபத்திலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்தார்கள். யாரோ கறுப்புக் காப்பி கலந்தார்கள். பாலன் அண்ணன் லோரியை வீதியிலேயே நிறுத்திவிட்டு, அதன் டயரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார். பாலிடெக்னிக்கில் இருந்த யாழினிக்கு யார் சொன்னார்களோ, என் போன் அடித்தது. "அக்கா, அப்பா கெடச்சிட்டாரா?" என்றாள்.

வந்திருந்த ஒருவர் தவமணி அக்காவின் காதருகே கேட்டதும் அதே கேள்விதான். "செய்தி வந்துச்சா, தாயி?"

"இல்லக்கா. பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்தேன்."

கேட்டவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணி, பதினாறாம் நாள் புதன்கிழமை வருகிறது என்றார். கூடியிருந்தவர்கள் சரி என்றார்கள். லிங்கியில் குணா அண்ணன் இறந்த நாள், அப்படியாக, சென்ற செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், விவரம் வேண்டுவோர் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதையும் நான் ஓர் இலக்கம் பிசகாமல் படித்துக் காட்டியிருந்தேன்.