சோணையிடம் சொல்லிப் பார்த்த பிழை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், ஒரு மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம். அதன் கீழே தேநீர்க் கடை வைத்திருப்பவர் சோணை. கணினியில் ஒரு வரிகூட எழுதத் தெரியாத இவர், கடந்த மூன்று ஆண்டுகளில் என் வேலையிலிருந்த நாற்பத்திரண்டு பிழைகள் வெளிப்படக் காரணமாக இருந்திருக்கிறார். மிகைப்படுத்தவில்லை, ஒவ்வொன்றும் தேதியோடு என் பச்சை நோட்டில் பதிவாகியிருக்கிறது.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. கடை வைப்பதற்கு முன் பதினோரு ஆண்டுகள், இதே நிலையத்தில் உசிலம்பட்டி, எழுமலை, தேனி என்று ஊர்ப்பெயர் கூவிப் பேருந்துகளுக்கு ஆள் ஏற்றியவர் அவர். நானும் எழுமலைக்காரன்தான். பட்டம் பெறாமல், பழைய கணினி ஒன்றில் நானாகவே நிரல் எழுதக் கற்றேன்.

நிரல் மக்கர் செய்தால் உடனே அதில் கைவைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை முதலிலிருந்து, தொழில் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வேன். தொழில் தெரிந்தவர் பாதியிலேயே புரிந்ததாகத் தலையாட்டிவிடுவார். தெரியாதவரிடம் எதையும் தாண்டிச் செல்ல முடியாது. சொல்லிக்கொண்டு வரும்போதே பெரும்பாலும் பிழை அகப்பட்டுவிடும். சோணை டம்ளரை வைத்துவிட்டு "பெறகு?" என்று கேட்பார், அவ்வளவுதான். ஆனால், "பெறகு ஏதோ ஆகிப்போச்சு" என்றால் விடமாட்டார்.

"ஏதோன்னா என்ன மாப்ள? ஏதோங்கிற ஊருக்கு நான் ஒருநாளும் ஆள் ஏத்துனதில்லையே!"

சென்ற ஜூலை மாதம், வாடிப்பட்டியிலுள்ள ஓர் எலும்பு மருத்துவமனைக்கு நான் எழுதிய டோக்கன் நிரலில் குழப்பம் நேர்ந்தது. முதல் பேருந்தில் வருபவர்களுக்காக அங்கே காலை ஐந்து மணிக்கே டோக்கன் கொடுக்கத் தொடங்குவார்கள். ஒரு திங்கட்கிழமை ஒன்றாம் எண் இருவரிடம் இருந்தது. இரண்டாம் எண்ணும் இருவரிடம். கட்டுப்போட்ட கையோடு ஒருவர் மற்றவரை அடிக்கப் போயிருக்கிறார். மறுநாளிலிருந்து டோக்கனைக் கையால் எழுதித்தான் கொடுத்தார்கள்.

எங்கள் நிறுவன உரிமையாளர் சௌரிராஜன் மறுநாளே எனக்குக் கடிதம் கொடுத்தார். 'முறையாகப் படித்திராத பாண்டிராஜின் கவனக்குறைவு' என்பது அதில் இரண்டாவது வரி. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் என்னை வேலையிலிருந்து நீக்குவதாக முடிந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கு எண் கொடுத்துக் கோப்பில் வைத்தேன்.

புதனன்று நாள் முழுவதும் அலுவலகத்தில் சோதித்தேன். எண்கள் வரிசை பிசகாமல் வந்தன. வியாழன் காலை பதினோரு மணித் தேநீரோடு சோணை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"சண்டை எத்தன மணிக்கு மாப்ள?"

"ஆறு மணி வாக்குல."

"நீ எத்தன மணிக்குச் சோதிச்சுப் பாத்த?"

"பத்து, பதினொண்ணு, மூணு."

"நல்லாருக்கு! காலம்பற அஞ்சே கால் பஸ்ஸு வரலன்னு ஒருத்தன் சண்டைக்கு வந்தா, மத்தியானம் போயி நின்னு பாத்துட்டு, அம்புட்டு பஸ்ஸும் ஒழுங்காத்தேன் வருதுங்கிற மாதிரி இருக்கு ஒன் கதை."

மருத்துவமனையிலிருந்து நான் கேட்டு வாங்கி வைத்திருந்த, அந்தத் திங்கட்கிழமையின் அறுபத்து நான்கு டோக்கன் சீட்டுகளையும் மேசைமேல் நேர வரிசையில் அடுக்கினேன். ஐந்து இருபத்தொன்பதுக்கு அச்சானது பதினான்காம் எண். ஐந்து முப்பத்தொன்றுக்கு அச்சானது ஒன்றாம் எண்.

"அஞ்சரைக்கு அப்பிடி என்ன நடக்குது அங்க?" என்றார் சோணை.

அங்கே எதுவும் நடக்கவில்லை. இந்த நிரல் இயங்கும், எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வர் கணினியில்தான் நடந்தது. அதன் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு விடியற்காலை ஐந்தரை என்றால் அதற்கு நள்ளிரவு. புதிய நாள் பிறந்துவிடும். நாள் மாறினால் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கு என்பது நான் நிரலுக்கு இட்டிருந்த கட்டளை. அது கீழ்ப்படிந்திருக்கிறது.

பழைய சர்வர் இந்திய நேரத்தில்தான் ஓடியது. மருத்துவமனைக்கு ஞாயிறு விடுமுறை; அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை சௌரிராஜனே நிரலை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டு, அதை என்னிடம் சொல்ல மறந்திருந்தது விசாரித்ததில் தெரிந்தது. 'சர்வரை மாற்றினால் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும்' என்று மார்ச் மாதமே எழுதிக்கொடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அந்தத் தாளை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: எந்த நேரம் என்று குறிப்பிடாமல், கேட்ட இடத்தில் கிடைத்த தேதியை நிரல் நம்பியது என் தவறு. தேதியை எப்போதும் இந்திய நேரத்தில் கணக்கிடும்படி ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஒரே சமயத்தில் இரண்டு வரிகளை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

வெள்ளியன்று முதல் பேருந்தில் வாடிப்பட்டிக்குப் போய் டோக்கன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். ஐந்து முப்பத்தொன்றுக்குச் சோணையைக் கைபேசியில் அழைத்தேன்.

"பதினெட்டு வந்துருச்சு மாப்ள!"

"பெறகு?"

"பத்தொம்போது!"

"சரி, வையி. பால் பொங்குது."

பத்து மணிக்கு அலுவலகத்தில், நான் நீட்டிய மார்ச் மாதத் தாளைச் சௌரிராஜன் இரண்டு முறை படித்தார்.

"என் கையெழுத்துதான் பாண்டி. தப்பு என் மேலதான். அந்த லெட்டரக் குடுங்க, கிழிச்சுப் போட்டுர்றேன்."

"கிழிக்க வேண்டாம் சார். அதுலயே கீழ எழுதிக் குடுத்துருங்க."

சிரித்துக்கொண்டே, 'மேற்கண்ட இரண்டாவது வரி தவறு. கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, மருத்துவமனைக்கு அனுப்ப நான் தயாரித்திருந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தார். பிழையைக் கண்டறிய உதவியவர் என்ற இடத்தில் 'சோணை, தேநீர்க் கடை' என்று இருந்தது.

"இது இப்படியேவா போகுது?"

"நடந்தது அதுதான சார்."

சௌரிராஜன் அதிலும் கையெழுத்திட்டார். பதினோரு மணித் தேநீரோடு வந்த சோணையிடம் அறிக்கையை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரித்தேன். எங்கப்பா முத்திருளன் பாவம், அவரு இனிஷியல விட்டுட்டியே மாப்ள!"

அறிக்கையை 'மு. சோணை' என்று திருத்தி மறுபடி அச்சிட்டேன். பச்சை நோட்டில் நாற்பத்திரண்டாவது பிழை அதுதான்.