கிராணியின் மூன்று புள்ளிகள்

முருகையாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மலாயாவில் செமிலிங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் நூற்றுப் பதினெட்டு வீடுகளின் குறியும் மனப்பாடம். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, அந்தச் சாற்றால், வெளுக்க வரும் துணி ஓரத்தில் வைப்பார். பால் வெட்டும் அம்மாசிக்கு ஒற்றைக் கோடு. தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி தர்மலிங்கத்துக்கு மூன்று புள்ளி. துணி நைந்து போகும், குறி போகாது. இருபது வருஷத்தில் ஒருவர் வேட்டி இன்னொருவர் இடுப்புக்குப் போனதில்லை.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் துணியே இல்லாமல் போனது. ஜனங்கள் கோணியைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள். கோணியை யாரும் வெளுக்கப் போடுவதில்லை. முருகையா ஆற்றங்கரைக் கல்லில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைக் கிராணி பார்த்துவிட்டார். சயாம் ரயில் பாதைக்கு ஆள் அனுப்பும் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. போனவர்கள் யாரும் இதுவரை திரும்பவில்லை.

"உடுத்தவே துணி இல்ல. டோபிக்கு இங்க என்ன வேல?" என்றார் கிராணி.

அந்த வாரமே வேலை வந்தது. சனிக்கிழமை படம் காட்டும் வண்டி வருகிறது. ஜப்பான் அதிகாரியும் வருகிறார். எந்திரத்தை அவர்கள் கொண்டுவருவார்கள், திரை தோட்டத்தார் பொறுப்பு.

"பன்னண்டடி அகலம். பாலு மாதிரி வெள்ளையா இருக்கணும். சரியா வந்தா உன் பேர அடிச்சிடறேன். இல்லேன்னா திங்கக்கிழம லோரியில ஏறிக்க," என்றார் கிராணி.

தோட்டம் முழுக்க அலசியதில் ஆறு வெள்ளை வேட்டிகள் தேறின. எல்லாம் பெட்டியின் அடியில் கிடந்தவை. அம்மாசி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு முனையை விடவில்லை.

"நா செத்தா போத்தறதுக்கு வச்சிருக்கேன் முருகையாண்ணே."

"சனிக்கிழம வரைக்கும் சாவாம இரு லா."

"நீ திருப்பிக் குடுக்கற வரைக்கும் சாவ மாட்டேன்."

சோப்பு கிடையாது. சாம்பல் நீரில் வெள்ளாவி வைத்தார். அரிசிக் கஞ்சிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு மாவு. வரிசைக்கு இரண்டாக மூன்று வரிசை வைத்து, கரைகளை உள்ளே மடித்து, மனைவி நவமணி தைத்தாள். அன்னாசி இலையில் உரித்த நார்தான் நூல். குறிகள் எல்லாம் திரையின் வெளி ஓரத்துக்குப் போகும்படி முருகையா வேட்டிகளைத் திருப்பி வைத்திருந்தார். ஓரத்தை மூங்கிலில் சுருட்டிக் கட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

கிராணி பார்க்க வந்தார்.

"என் வேட்டி எது?"

"கடைசி வரிசைங்க."

"கடைசியிலயா? நடுவுல வை. எடுப்பா தெரியட்டும்."

தையலைப் பிரித்து நடுவில் வைத்தார்கள். இப்போது வேட்டியின் கிழிசல் முனை திரையின் மத்தியில் வந்தது. கிராணி முகம் சுளித்தார்.

"கிழிசல வெளியே தள்ளு."

"தள்ளினா குறி உள்ள வருமுங்க."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

முருகையா திருப்பி வைத்தார். புள்ளிகள் மூன்றும் திரையின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தன. அவற்றின் மேல் சுண்ணாம்பும் மாவும் குழைத்து அப்பினார். காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில் இரண்டு பாக்கு மரக் கம்பங்களை நட்டு, மூங்கில் சட்டத்தை ஏற்றினார். காற்றுக்குத் திரை பாய்மரம்போல் உப்பியது. நான்கு பக்கமும் கயிற்றை இழுத்து முடுக்கி, அடி மூங்கிலில் கல் கட்டித் தொங்கவிட்டார். துணி பறைத்தோல்போல் விறைத்தது. விறைத்தபோது நடுவில் அப்பியிருந்த பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஏணி கொண்டுவர ஓடினார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

இருட்டியதும் படம் ஓடியது. முதலில் கப்பல். கப்பலுக்கு மேலே மூன்று கறுப்புப் பறவைகள் அசையாமல் நின்றன. பிறகு ஒரு தளபதி திரை நிறைய வந்து பேசினார். அவர் மேலுதட்டில் மூன்று ஈக்கள் உட்கார்ந்திருந்தன. அவர் தலையை ஆட்டினார். ஈக்கள் பறக்கவில்லை.

கூட்டத்தில் அம்மாசியின் குரல்தான் முதலில் கேட்டது.

"டேய், அது கிராணியாரு வேட்டி டா!"

நூற்றுப் பதினெட்டு வீடும் சிரித்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தத் திடலில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அதிகாரி படத்தை நிறுத்தச் சொன்னார். திரையருகே போய்ப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உடைந்த மலாயில் கேட்டார், யாருடைய துணி?

முருகையா கையைக் கட்டிக்கொண்டு கிராணியைப் பார்த்தார். திடலே கிராணியைப் பார்த்தது. அறை விழுந்தது. கிராணியின் கண்ணாடி அம்மாசி மடியில் வந்து விழுந்தது.

அதிகாரி இப்போது முருகையா பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை லோரி முருகையாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"கழுவிடலாம் துவான்," என்றார் மலாயில். "போயிரும். ஆனா நாள் பிடிக்கும்."

"எத்தனை நாள்?"

"துணி நல்லா ஊறணும் துவான்."

அதிகாரி கிராணியைக் கேட்டார், போகுமா? சேங்கொட்டைக் கறை போகாது என்பது கிராணிக்குத் தெரியும். போகாது என்றால் அடுத்த அறை எந்தக் கன்னத்தில் என்பதும் தெரியும்.

"போகும் துவான்," என்றார்.

கறை போகும்வரை இந்த ஆள் இந்தத் தோட்டத்தை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவாகியது.

திங்கட்கிழமை லோரி போனது. முருகையா ஆற்றங்கரையில் கிராணி வேட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் வண்டி வந்தது. அதிகாரி புள்ளிகளைக் குனிந்து பார்ப்பார்.

"கொஞ்சம் வெளுத்திருக்கு துவான்," என்பார் முருகையா. "ஆமாம்," என்பார் கிராணி, கண்ணாடியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு.

ஒருநாள் நவமணிக்குப் பயம் வந்துவிட்டது.

"தெனமும் தண்ணியில கெடக்குதே, நெசமாவே போயிட்டா?"

முருகையா இடுப்பு மடிப்பை அவிழ்த்து, பொத்தி வைத்திருந்த ஒரு சேங்கொட்டையைக் காட்டினார்.