இரவல் சுமை

வண்டி நன்றாக ஏறியது. அதுதான் பேச்சிராஜாவின் கவலை.

"நிறுத்துங்க அண்ணா. மறுபடி எடுங்க" என்றாள் ஜன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த சர்வீஸ் சென்டர் பொறியாளர் சாதனா.

செம்பூரிலிருந்து குர்லாப் பக்கம் போகும் மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, எடுத்தான். பின்னால் ஐம்பது கிலோ மூட்டைகள் இருபத்துநாலு. வண்டி ஒரு முனகல் இல்லாமல் மேலே போனது.

"சுத்தமா இருக்கு" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

இருவருக்கும் நடுவில் முழங்கால்களைச் சேர்த்து நெருக்கிக்கொண்டிருந்த சிராஜ் சொன்னான். "புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்த கணக்கா நடிக்கி வே உம்ம வண்டி."

சிராஜ் கடையநல்லூர்க்காரன். தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் பட்டறை வைத்திருக்கிறான். மூட்டைகள் அவனுடையவை. எங்கும் கொண்டுபோய் இறக்குவதற்காக ஏற்றியவை அல்ல. கனத்துக்காக ஒரு நாள் இரவல். "கல்யாணத்துக்கு நகை இரவல் கேப்பாக. நீரு சுமையை இரவல் கேக்கீரு" என்று காலையில் சிரித்தவன், தன் சரக்கை விட்டுவிட மனசில்லாமல் தானும் ஏறிக்கொண்டான்.

பேச்சிராஜாவுக்கு நாற்பத்தாறு வயது. மும்பைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். கைவண்டி இழுத்து, பிறகு அடுத்தவர் டெம்போ ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பழைய பிக்கப். அதில் மிதிக்கும் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. மிதித்தால் இழுக்கும். இந்தப் புது வண்டியில் கம்பி இல்லை. கால் சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்டு, அது எஞ்சினிடம் சொல்ல வேண்டும். முதல் வருஷம் ஒழுங்காகத்தான் சொன்னது. இரண்டாம் வருஷத்திலிருந்து, சுமையோடு, எஞ்சின் சூடேறிய பிறகு, மிதித்தால் ஒன்றும் நடக்காத ஒரு இடைவெளி வந்தது. சில நாள் மஞ்சள் விளக்கு எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகாது. சர்வீஸ் சென்டர் வாசலுக்கு வருவதற்குள் விளக்கு அணைந்திருக்கும்.

ஐந்து முறை வந்தான். ஐந்து முறையும் வெறும் வண்டியாக வரச் சொன்னார்கள். ஐந்து முறையும் கோளாறு இல்லை என்று தாள் கொடுத்தார்கள்.

போன மாதம் மனைவி சண்முகவடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாணேயிலிருந்து வந்தபோது, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கையில் வண்டி நடுவில் அப்படியே நின்றது. எதிரே தண்ணீர் டேங்கர். அதன் டிரைவர் நல்லவேளையாகத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறுவதில்லை. தினமும் அவன் போன் வரும்வரை சாப்பிடுவதில்லை.

லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் கம்பெனி பொறுப்பு. அதற்குள் கோளாறு கம்ப்யூட்டரில் பதிவாகிவிட்டால் டர்போவும் இன்ஜெக்டர்களும் அவர்களே மாற்றித் தருவார்கள். பதிவாகாவிட்டால் அது அவன் தலையில். அத்தனை பெரிய வேலையை அவனால் தாங்க முடியாது. சாதனாதான் முதன்முதலாக, "லோடோட கொண்டுவாங்க" என்றாள். அவள் நேரம் ஒதுக்கித் தரும்வரை நாலு நாள், ஒரு கிலோமீட்டர்கூட வீணாகக் கூடாதென்று வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தான்.

இப்போது மீட்டரில் 99,994.

பாலத்தின் மறுமுனையில் இறங்கி, திரும்பி வந்து, மறுபடியும் அடிவாரத்தில் நிறுத்தினார்கள். சாதனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

"இந்தச் சிவப்புக் கோடு உங்க கால். இந்த நீலம் எஞ்சின். தேக்கோ, பாருங்க, உங்க கால் எப்படி இறங்குதுன்னு."

சிவப்புக் கோடு ஒரு சரிவு போல மெல்ல ஏறியது. நீலம் அதோடு ஒட்டிக்கொண்டே போனது.

"முட்டை மேல வைக்கற மாதிரி காலை வைக்கறீங்க. அது லேட்டா எந்திரிக்கும்னு உங்க காலுக்குத் தெரியும். அதுக்கு ஏத்த மாதிரி கிளட்சையும் விடறீங்க. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? எல்லாம் டீக், சரியாத்தான் இருக்குன்னு நினைக்குது. சட்டுனு மிதிங்க. மிதிச்சு ரெண்டு செகண்ட் எஞ்சின் வரலேன்னா அதுவே எழுதிக்கும்."

"மிதிக்கேன்" என்றான்.

மிதித்தான். கால் பாதி தூரத்தில் தானாகவே தயங்கி, பிறகு இறங்கியது. மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் கால் கேட்கவில்லை.

"ஒரு வருசமா மூடி மறைச்சிருக்கீரு" என்றான் சிராஜ். "உம்ம கம்பெனியில வேலைக்கு வச்சுக்கிடலாம்."

பேச்சிராஜா மீட்டரைப் பார்த்தான். 99,997.

"நான் ஓட்டறேன்" என்றாள் சாதனா.

அந்த வண்டியின் ஸ்டியரிங்கை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. இறங்கினான். சிராஜை ஜன்னலோரம் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தான். மடிக்கணினி அவன் மடிக்கு வந்தது.

ஏற்றத்தின் நடுவில் அவர்கள் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. முன்னால் போன பஸ் தானே நின்றது. இடது ஓரச் சுவர் கையெட்டும் தூரத்தில். வலது பக்கம் லாரிகள். சாதனா பிரேக்கில் காலை வைத்து, பஸ் நகரக் காத்திருந்தாள். பஸ் நகர்ந்தது. அவள் காலை எடுத்து, எல்லோரும் மிதிப்பது போல மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அவன் மடியில் சிவப்புக் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. நீலம் தரையோடு கிடந்தது. ஒரு வருஷமாக அவன் சொன்னதெல்லாம் அங்கே, திரையில். வண்டி பின்னால் இறங்கத் தொடங்கியது.

"வே" என்றான் சிராஜ், கண்ணாடியைப் பார்த்தபடி. "ஸ்கூட்டர் ஒண்ணு ஒட்டி நிக்கி. முன்னால சின்னப்பிள்ளை."

சாதனாவின் கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. நீலம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும் என்பது பேச்சிராஜாவுக்குத் தெரிந்தது. அவன் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான்.

வண்டி உதறி நின்றது. எஞ்சின் அணைந்தது. மடிக்கணினி கீழே நழுவி சிராஜின் பாதத்தில் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் மராத்தியில் ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

சாதனாவின் மேலுதட்டில் வியர்த்திருந்தது. குனிந்து திரையை எடுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு புள்ளி ஆறு" என்றாள். "கோளாறு பதிவாகல." பிறகு, "இங்கேயே இன்னொரு தடவை எடுக்கலாமா அண்ணா?"

அவன் சிராஜின் மேல் சாய்ந்து கண்ணாடியைப் பார்த்தான். ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு.

"வேண்டாம். மாறிக்கிடுங்க."

"ஒரு கிலோமீட்டர்தான் வே கெடக்கு" என்றான் சிராஜ். "எறங்கி ஏறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"தெரியும்."

அவளைத் தாண்டி ஸ்டியரிங்குக்கு வந்தான். கால் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறியது. பாலத்தின் உச்சி தாண்டி இறக்கத்தில் மீட்டர் ஒரு லட்சத்துக்கு மாறியது. மூவரும் பார்த்தார்கள்.

சர்வீஸ் சென்டர் வாசலில் இறங்கும்போது சாதனா சொன்னாள். "நான் கண்ணால பாத்தேன்னு எழுதறேன்."

"எழுதுங்க மேடம்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு சிராஜின் பட்டறையில் மூட்டைகளை இறக்கினார்கள். ஒரு மூட்டை கிழிந்திருந்தது. சிராஜ் அதைக் கயிற்றால் கட்டி உள்ளே போட்டான். பதினோரு மணிக்கு சாதனாவிடமிருந்து செய்தி வந்தது. அவள் எழுதியதைக் கம்பெனி படித்தது. அளவு இரண்டு வினாடியைத் தொடவில்லை, கிலோமீட்டரும் முடிந்துவிட்டது, எனவே ஒன்றும் செய்வதற்கில்லை. பேச்சிராஜா சரி என்று பதில் போட்டான். மதியம் தாணேக்கு ஒரு லோடு கிடைத்தது. மேம்பாலங்களில் ஏறாமல் கீழ்ச்சாலையிலேயே போய் வந்தான். முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. ஐந்து மணிக்கு வண்டி புரோக்கர் நயினார் வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தான், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான், கோளாறு எதுவும் உண்டா என்று கேட்டான். பேச்சிராஜா ஏற்றத்தில் நடப்பதைச் சொன்னான். நயினார் எழுதிக்கொண்டு, வாங்க ஆள் கிடைத்தால் சொல்வதாகச் சொல்லிப் போனான். பேச்சிராஜா வண்டியைக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் போன் செய்தான்.